நம் தண்ணீரில் ஃபுளோரைடு: நிறம் சொல்வதும் சொல்லாததும்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியரான அடையாறு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர இயலாதவர்களுக்காகக் கேள்வி பதிலோடு சேர்த்துத் தருகிறோம்.)

செயலாளர் எனக்கு இருபது நிமிஷம் கொடுத்திருக்கிறார். முப்பத்தைந்து வருஷம் வகுப்பெடுத்த ஆளிடம் இருபது நிமிஷம் என்று சொல்வது கொஞ்சம் ரிஸ்க்தான். இருந்தாலும் காபி ஆறுவதற்குள் முடித்துவிடப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு மன்னிப்பு. எங்கள் கட்டடத்து வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்களுக்கு விஷயம் தெரியும். மற்றவர்களுக்கும் அரசல்புரசலாக வந்திருக்கும். இரண்டு மாதத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், "நம் லாரித் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம்" என்று ஒரு படத்தைப் போட்டவன் நான்தான். அன்று சாயங்காலத்துக்குள் எங்கள் தெருவில் கேன் தண்ணீர் கிடைக்கவில்லை. மறுநாள் வந்த லாரியை கேட்டிலேயே நிறுத்தி டிரைவரை நாலு பேர் சத்தம் போட்டார்கள். அந்த மனிதர்மேல் தப்பு எதுவும் இல்லை. தப்பு என்னுடையது. எப்படி என்று சொல்கிறேன். அதைச் சொன்னால்தான் நிறம் மாறும் சோதனை என்பது என்ன, அதை எவ்வளவு நம்பலாம் என்பது புரியும்.

ஆரத்தித் தட்டில் ஒரு வேதியியல்

மேஜைமேல் ஒரு டம்ளரில் ஆரத்தி கரைத்து வைத்திருக்கிறேன், பார்த்தீர்களா? மஞ்சள் பொடியும் சுண்ணாம்பும்தான். மஞ்சளாக இருந்த தண்ணீர் சுண்ணாம்பு பட்டதும் ரத்தச் சிவப்பாகிறது. இப்போது எலுமிச்சம்பழம் பிழிகிறேன். மறுபடி மஞ்சள். நம் வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் சோதனை இது. மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற பொருள் காரத்தைக் கண்டால் சிவக்கும், அமிலத்தைக் கண்டால் பழைய நிறத்துக்குத் திரும்பும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். சுண்ணாம்புக்குப் பதில் சோப்பைக் கரைத்தாலும் மஞ்சள் சிவக்கும். ஆப்பசோடா போட்டாலும் சிவப்பு தட்டும். "தண்ணீர் காரமாக இருக்கிறதா?" என்ற கேள்விக்குத்தான் மஞ்சள் பதில் சொல்கிறது. "சுண்ணாம்பு இருக்கிறதா?" என்ற கேள்வியை அது கேட்கவே இல்லை. நாம்தான் அப்படி நினைத்துக்கொள்கிறோம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். என் தப்புக்கும் இதுதான் மூலம்.

ஃபுளோரைடுக்கு மஞ்சள் பயன்படாது. 1930களிலிருந்தே வேறு சாயங்கள் உண்டு. அவற்றின் கதை எளிது. சிர்க்கோனியம் என்று ஓர் உலோகம். அதை ஒரு சாயத்தோடு சேர்த்தால் இரண்டும் கைகோத்துக்கொண்டு சிவப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ நிற்கும். சிர்க்கோனியத்துக்குச் சாயத்தைவிட ஃபுளோரைடுமேல் பிரியம் அதிகம். தண்ணீரில் ஃபுளோரைடு வந்தால் சாயத்தின் கையை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொள்ளும். தனியே விடப்பட்ட சாயம் தன் சொந்த நிறத்துக்குப் போய்விடும். அலிசரின் சாயமானாலும் சைலினால் ஆரஞ்சு சாயமானாலும் அந்தச் சொந்த நிறம் மஞ்சள். ஃபுளோரைடு கூடக்கூட இளஞ்சிவப்பு குறைந்து மஞ்சள் ஏறும். அட்டையில் அச்சடித்த நிற வரிசையோடு ஒப்பிட்டு லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று தோராயமாகச் சொல்லலாம்.

ஆய்வுக்கூடங்களில் ஸ்பாட்ன்ஸ் என்ற சாயத்தை வைத்து இதையே செய்கிறார்கள். 1958இல் வந்த முறை அது. அங்கே கண்ணுக்குப் பதில் கருவி நிறத்தை அளக்கும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம், சேப்பாக்கத்தில் காமராஜர் சாலையில் தலைமை அலுவலகம் உள்ள நம் 'டுவாட்' வாரியம், ஊராட்சிகளுக்குக் கொடுத்த கைப்பெட்டியிலும் இப்படி ஒரு நிற அட்டை உண்டு. 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்கு இந்தப் பெட்டியில் சோதிக்கப் பயிற்சி கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். கிராமத்து அம்மாக்கள் செய்யும் சோதனையை அடையாறில் இருக்கும் நாம் செய்வதில்லை. நம்மிடம் இருப்பது டி.டி.எஸ். பேனா மட்டும்தான்.

கிண்டியில் தொடங்கிய கதை

ஃபுளோரைடு நமக்குப் புதிய விஷயமும் இல்லை, தூரத்து விஷயமும் இல்லை. இந்தியாவில் குடிதண்ணீர் ஃபுளோரைடால் வரும் நோயை மருத்துவ உலகத்துக்கு எடுத்துச் சொன்ன முக்கியமான ஆய்வுகள் 1937இல் வந்தன. செய்தவர்கள் நம் கிண்டி கிங் நிலையத்துக்காரர்கள். இயக்குநராக இருந்த ஷார்ட், அவரோடு சி.ஜி. பண்டிட், டி.என்.எஸ். ராகவாச்சாரி. அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாவட்டத்துக் கிராமங்களில் இளம் வயதிலேயே முதுகு வளையாமல், கழுத்தைத் திருப்ப முடியாமல் ஆனவர்களைப் பார்த்து, காரணம் கிணற்றுத் தண்ணீர் என்று கண்டுபிடித்தார்கள். அதே வருஷம் வந்த இன்னொரு கட்டுரையில் பர்னார்டின் பெயரும் இருக்கிறது. சென்ட்ரல் எதிரே அரசு பொது மருத்துவமனையில் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கும் கதிரியக்க நிலையம் தெரியுமில்லையா, அவர்தான். கிருமி எதுவுமில்லாத, பார்க்கப் பளிங்கு மாதிரி இருந்த தண்ணீர்தான் அத்தனை பேரையும் முடக்கியது.

தமிழ்நாட்டில் தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் இந்தப் பிரச்சினை அதிகம். அங்கே பாறை அப்படி. கருங்கல் வகைப் பாறைகளில் ஃபுளோரைடு உள்ள கனிமங்கள் உண்டு. மழைநீர் பாறை வெடிப்பில் இறங்கி வருஷக்கணக்கில் தங்கும்போது அவற்றைக் கரைத்துக்கொள்கிறது. ஆழ்துளைக் கிணறு போடப்போட ஃபுளோரைடும் மேலே வந்தது. அதற்காகவே வந்த திட்டம்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். ஜப்பானின் ஜைகா கடனுதவியில், காவிரித் தண்ணீரை அந்த இரண்டு மாவட்டங்களுக்கும் கொண்டுபோகும் திட்டம். 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் அதிகாரபூர்வப் பெயரிலேயே 'ஃபுளோரோசிஸ் பாதிப்பைக் குறைத்தல்' என்பதும் இருக்கிறது.

நமக்கென்ன என்று கேட்பீர்கள். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு எல்லாம் ஃபுளோரைடுக்குப் பேர்போன இடம் இல்லை. மெட்ரோ வாட்டர் பெரும்பாலும் ஏரித் தண்ணீர், வீராணம், கிருஷ்ணா தண்ணீர், சுத்திகரித்த கடல்நீர். அதில் கவலைப்பட அதிகம் இல்லை. ஆனால் நாம் குடிப்பது மெட்ரோ வாட்டர் மட்டுமா? 2019 கோடையை நினைத்துப் பாருங்கள். ஏரிகள் வறண்டு, ராத்திரி ரெண்டு மணிக்கு லாரிச் சத்தம் கேட்டு எழுந்து சம்ப் மூடியைத் திறந்தோமே, அந்தத் தண்ணீர் எந்த ஊர்க் கிணறு, எத்தனை அடி ஆழம் என்று யாராவது கேட்டோமா? நம் போர்களும் மணலைத் தாண்டிப் பாறைக்குள் இறங்கிவிட்டன. நம் காலடியில் இருப்பதும் பழம்பாறைதான். சார்னோக்கைட் என்று உலகம் முழுக்க அழைக்கும் பாறைக்கு நம் பரங்கிமலை, பல்லாவரம் கல்லை வைத்துத்தான் பெயர் வைத்தார்கள்.

எவ்வளவு இருக்கலாம்? ஐ.எஸ். 10500 என்ற நம் நாட்டுக் குடிநீர்த் தரத்தின்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை சரி. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் மட்டும் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதும் 1.5. ஒரு மில்லிகிராம் என்றால், ஆயிரம் லிட்டர் தொட்டியில் ஒரு கிராம். கால் டீஸ்பூன் உப்புகூட இல்லை. வாசனை, ருசி, நிறம் எதுவும் இருக்காது. அதனால்தான் சாயத்தைக் கேட்க வேண்டியிருக்கிறது.

டி.டி.எஸ். பேனாவுக்கு இது தெரியாது

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லிவிடுகிறேன். "என் வீட்டில் டி.டி.எஸ். 300தான் சார், நல்ல தண்ணீர்" என்பார்கள். டி.டி.எஸ். என்பது கரைந்த உப்புகளின் மொத்தக் கணக்கு. மளிகைக் கடை பில்லின் கடைசி வரி மாதிரி. அதில் பெருங்காயம் எவ்வளவு என்று அந்த வரி சொல்லாது. 300இல் ஃபுளோரைடு 2 இருக்கலாம், 1,500இல் அரைகூட இல்லாமல் போகலாம்.

இன்னொன்று. "சோப்பு நன்றாக நுரைக்கிறது, பருப்பு வேகிறது, நல்ல தண்ணீர்" என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். உப்புத்தண்ணீர் விஷயத்தில் அது சரி. ஃபுளோரைடு விஷயத்தில் சரியில்லை. கால்சியம் அதிகம் உள்ள கடின நீரில் ஃபுளோரைடு ஓரளவுக்கு மேல் கரைந்து நிற்க முடியாது. கால்சியம் அதைப் பிடித்துப் படியவைத்துவிடும். கால்சியம் குறைந்த, சோடியம் கூடிய மென்மையான நிலத்தடி நீரில்தான் அது தாராளமாக இருக்கும். மென்மையான தண்ணீர் எல்லாவற்றிலும் ஃபுளோரைடு உண்டு என்று சொல்லவில்லை. நுரை அதற்குச் சாட்சி இல்லை என்கிறேன். பல கட்டடங்களில் வைத்திருக்கும் 'சாஃப்ட்னர்' கால்சியத்தை எடுக்கும், ஃபுளோரைடைத் தொடாது. கேண்டில் ஃபில்டர், யூ.வி. விளக்கு இரண்டும் தொடாது. கொதிக்கவைத்தால் தண்ணீர் வற்றும், ஃபுளோரைடு அப்படியே நிற்கும். எடுப்பது ஆர்.ஓ., இல்லாவிட்டால் ஆக்டிவேட்டட் அலுமினா வகை ஃபில்டர்.

மூன்று பாட்டில்

இப்போது என் கதைக்கு வருகிறேன். ஒரு ஃபுளோரைடு கிட் வாங்கினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் பிடித்தேன். ஒன்று மெட்ரோ வாட்டர், ஒன்று லாரித் தண்ணீர் நிற்கும் சம்ப், ஒன்று போர். மூன்றிலும் மருந்தை விட்டேன். மெட்ரோ நல்ல இளஞ்சிவப்பு. போர் அதைவிடக் கொஞ்சம் மங்கல். சம்ப் பாட்டில் வெளிர் மஞ்சளாகப் போய்விட்டது. அட்டையின் கடைசிக் கட்டம் அது. எனக்குக் கை பரபரத்தது. படம் எடுத்தேன், குழுவில் போட்டேன். அப்புறம் நடந்ததைச் சொன்னேன்.

அன்று ராத்திரி எங்கள் வாட்ச்மேன் வந்தார். "சார், நேத்து சாயங்காலம்தான் சம்புல பிளீச்சிங் பவுடர் போட்டோம். அதனால ஏதாச்சும் ஆகியிருக்குமா சார்?" என்றார்.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிளீச்சிங் பவுடர் என்றால் குளோரின். குளோரின் சாயத்தை வெளுக்கும். துணியை வெளுப்பது மாதிரி. ஃபுளோரைடு சாயத்தை விடுவித்ததால் வந்த மஞ்சள் இல்லை அது, குளோரின் சாயத்தையே அழித்ததால் வந்த வெளுப்பு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். முப்பத்தைந்து வருஷம் பாடம் நடத்தியவன், குளோரின் இருந்தால் முதலில் அதை நீக்கு என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன், தன் வீட்டில் மறந்துவிட்டேன்.

மறுநாள் மீன்தொட்டிக் கடையில் விற்கும் குளோரின் நீக்கியை, சோடியம் தயோசல்பேட்தான் அது, ஒரு சொட்டு விட்டுச் சோதித்தேன். சம்ப் தண்ணீர் அழகான இளஞ்சிவப்பு. ஆய்வுக்கூடத்துக்கும் அனுப்பினேன். லாரித் தண்ணீரில் ஃபுளோரைடு அளவுக்குள்தான் இருந்தது. டிரைவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார், எங்களுக்கு இதெல்லாம் பழக்கம்" என்றார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

யாரும் பார்க்காத பாட்டில்

கதை இங்கே முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அந்த மஞ்சள் பாட்டிலையே எல்லோரும் பார்த்தோம். நடுவில் இருந்த போர் தண்ணீர், "கொஞ்சம் மங்கல்" என்றேனே, அதை நான் உட்பட யாரும் பார்க்கவில்லை. அதையும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருந்தேன். வந்த பதில்: லிட்டருக்கு 1.3 மில்லிகிராம்.

1.3 ஒன்றும் விஷம் இல்லை. பெரியவர்கள் பயப்பட வேண்டிய அளவு இல்லை. எங்கள் வீடுகளில் போர் தண்ணீரைக் குளிக்க, துவைக்க மட்டும்தான் வைத்துக்கொள்கிறோம். குடிக்க ஆர்.ஓ., இல்லையென்றால் கேன். ஆக யாருக்கும் பாதிப்பில்லை என்று நினைத்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கீழ்த்தளத்தில், மோட்டார் ரூம் பக்கத்தில் ஒரே ஒரு குழாய். அதில் வருவது போர் தண்ணீர். வாட்ச்மேன் குடும்பம் சமைப்பதும் குடிப்பதும் அதில்தான். இஸ்திரி போடுபவர் பாட்டில் நிரப்புவது அதில். வீட்டு வேலைக்கு வரும் அம்மாக்கள் வெயிலில் நடந்துவந்து முகம் கழுவி ரெண்டு மடக்குக் குடிப்பதும் அதில்.

எங்கள் வாட்ச்மேனுக்கு ஊர் பென்னாகரம் பக்கம். அவர் சிரித்தால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார். முன்பற்களில் பழுப்புப் பட்டை பட்டையாக இருக்கும். பாக்குப் போடுகிறார், புகையிலை போடுகிறார் என்று எங்கள் கட்டடத்தில் சிலர் பேசியது அவர் காதிலும் விழுந்திருக்கிறது. அன்று நான் விசாரித்தபோது சொன்னார்: "எங்க ஊருல பாதிப் பேருக்குப் பல்லு இப்படித்தான் சார். பொண்ணு பாக்கப் போன இடத்துல எல்லாம் கேட்டாங்க. பல்லு தேய்க்க மாட்டீங்களான்னு."

தேய்த்தால் போகிற கறை இல்லை அது. பல் ஈறுக்குள் உருவாகும் வயதில், ஏறக்குறைய எட்டு வயதுக்குள், குடித்த தண்ணீர் எழுதிவைத்த எழுத்து. வளர்ந்த பிறகு எவ்வளவு ஃபுளோரைடு குடித்தாலும் பல்லில் அந்தப் பட்டை வராது. அதாவது அவருக்கு வர வேண்டியது சின்ன வயதிலேயே வந்துவிட்டது. ஆனால் அவர் மகளுக்கு ஐந்து வயது. அந்தப் பெண் பிறந்ததிலிருந்து எங்கள் கட்டடத்துக் குழாயில்தான் தண்ணீர் குடிக்கிறாள். ஃபுளோரைடிலிருந்து தப்பித்து மெட்ராஸுக்கு வந்த குடும்பம், என் வீட்டுக்கு நேர் கீழே, அதே தண்ணீரைக் கொஞ்சம் குறைந்த அளவில் குடித்துக்கொண்டிருக்கிறது.

1.5 வரை பரவாயில்லை என்று தரத்திலேயே இருக்கிறதே என்று ஒரு நண்பர் கேட்டார். அந்த வரியை முழுசாகப் படிக்க வேண்டும். வேறு தண்ணீர் இல்லாத இடத்துக்குத்தான் அந்தச் சலுகை. எங்கள் கட்டடத்தில் வேறு தண்ணீர் இருக்கிறது. மெட்ரோ வாட்டர் குழாய் அந்தச் சுவரை ஒட்டித்தான் மேலே ஏறுகிறது. ஒரு டீ ஜாயின்ட்டும் சில அடி பைப்பும்தான் குறை.

புதுச் சாயங்கள், பழைய சிக்கல்

கடந்த முப்பது வருஷமாக உலகம் முழுக்க ஃபுளோரைடுக்குப் புதுப்புது நிறமாறிகளைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நம் நாட்டு ஆய்வாளர்களும் நிறையச் செய்திருக்கிறார்கள். மஞ்சளின் குர்குமினை வைத்துக்கூடச் செய்திருக்கிறார்கள். அசிட்டோநைட்ரில் என்ற கரைப்பானில் ஃபுளோரைடு போட்டால் குர்குமின் நிறம் மாறும். இதைப் படித்துவிட்டு "மஞ்சள் பொடியால் வீட்டிலேயே ஃபுளோரைடு கண்டுபிடிக்கலாம்" என்று யாராவது ஃபார்வர்ட் அனுப்பினால் நம்பாதீர்கள். தண்ணீரில் அது நடக்காது. ஃபுளோரைடு தண்ணீர் மூலக்கூறுகளைத் தன்னைச் சுற்றி இறுக்கமாகப் போர்த்திக்கொள்ளும். அந்தப் போர்வையை விலக்கித்தான் சாயம் அதைத் தொட வேண்டும். ஆய்வுக்கூடத்தில் கரைப்பானில் அழகாக நிறம் மாறிய பல சாயங்கள் குழாய்த் தண்ணீரில் சும்மா இருந்துவிடுவதற்கு இதுதான் பெரிய காரணம். நமக்கு வேண்டியது தண்ணீரில் வேலை செய்யும் சோதனை.

வேறொரு வழியும் வந்திருக்கிறது. சில பாக்டீரியாக்களிடம் ஃபுளோரைடை அடையாளம் காணும் ஓர் ஆர்.என்.ஏ. சுவிட்ச் இருப்பதை 2012இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் கண்டார்கள். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார் அந்தச் சுவிட்சை எடுத்து, உயிருள்ள கிருமி இல்லாமல், உலர்த்திய பொடியாகச் சின்னக் குழாயில் வைத்தார்கள். தண்ணீர் விட்டால் போதும், ஃபுளோரைடு இருந்தால் மஞ்சளாகும். கோஸ்டாரிகா நாட்டில் எரிமலைப் பக்கத்துத் தண்ணீரில் சோதித்து 2020இல் வெளியிட்டார்கள். நம் கடைக்கு வர நாளாகலாம். அதுவரை சிர்க்கோனியம் சாயமே போதும், எப்படிக் கேட்பது என்று தெரிந்திருந்தால்.

எப்படிச் செய்ய வேண்டும்

நான் அடிபட்டுக் கற்றதைச் சொல்கிறேன்.

ஒவ்வொரு தண்ணீரையும் தனித்தனியாகச் சோதியுங்கள். போர், சம்ப், மெட்ரோ, ஆர்.ஓ. வெளியே வருவது. மேல்தொட்டியில் எல்லாம் கலந்துவிடும், அங்கே எடுத்தால் எதுவும் தெரியாது.

பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று தடவை அலசிவிட்டுப் பிடியுங்கள். கண்ணாடி வேண்டாம், பிளாஸ்டிக் போதும்.

சம்பில் பிளீச்சிங் பவுடர் போட்டு மூன்று நாளாவது ஆகியிருக்க வேண்டும், அல்லது குளோரினை நீக்கிவிட்டுச் சோதிக்க வேண்டும்.

பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்ட் வாட்டரையும் பக்கத்தில் வைத்துச் சோதியுங்கள். அதில் நல்ல இளஞ்சிவப்பு வரவில்லை என்றால் மருந்து கெட்டுவிட்டது. காலாவதித் தேதி பாருங்கள்.

நிறத்தைப் பகல் வெளிச்சத்தில், வெள்ளைத்தாள் பின்னால் வைத்துப் பாருங்கள். மஞ்சள் பல்பின் கீழே எல்லாமே மஞ்சள்தான். இரண்டு பேர் பாருங்கள். சிவப்பு பச்சை வித்தியாசம் சரியாகத் தெரியாதவர்கள், குறிப்பாக ஆண்கள், நம்மில் இருக்கிறார்கள்.

மருந்தில் அமிலம் இருக்கிறது. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், சோதித்த தண்ணீரை யாரும் குடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிறம் சந்தேகம் என்றால், 1க்கு மேல் என்று தோன்றினால், ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்கள். அங்கே ஃபுளோரைடுக்கென்றே இருக்கும் மின்முனையை வைத்து அளப்பார்கள். கிண்டி கிங் நிலைய வளாகத்தில் அரசின் நீர்ப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது, அங்கீகாரம் பெற்ற தனியார் கூடங்களும் உண்டு. முடிவு வரும்வரை வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். இது என் சொந்த அனுபவம்.

கடைசியாக, வருஷத்துக்கு இரண்டு தடவை. மழைக்கு முன், மழைக்குப் பின். கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது ஆழத்துத் தண்ணீர் ஏறும், கணக்கு மாறும். ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவையுங்கள். நிறம் மறந்துபோகும், எழுதியது நிற்கும்.

நான் கேட்பது இரண்டே இரண்டு. ஒன்று, நம் சங்கத்துக் கட்டடங்கள் ஒவ்வொன்றிலும் இந்தச் சோதனையை ஒருதரம் செய்ய வேண்டும். கிட்டை நான் எடுத்துக்கொண்டு வருகிறேன், பிளீச்சிங் பவுடர் விஷயத்தை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரண்டு, கீழ்த்தளத்துக் குழாயில் குடிக்கும் தண்ணீர் வர வேண்டும் என்று நாம் தீர்மானம் போட வேண்டும். போரில் ஃபுளோரைடு இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. மேலே நாம் குடிக்காத தண்ணீரைக் கீழே ஒரு குழந்தை குடிக்கக் கூடாது.



கூட்டத்தில் கேட்ட கேள்விகள்

கே: அப்படியானால் ஃபுளோரைடு டூத் பேஸ்ட்டை நிறுத்திவிட வேண்டுமா?

ப: வேண்டாம். பேஸ்ட்டில் உள்ளது பல்லின் மேல்பரப்பைச் சொத்தையிலிருந்து காக்கிறது, அதைத் துப்பிவிடுகிறோம். தண்ணீரில் உள்ளது உடம்புக்குள் போகிறது. சின்னக் குழந்தைகளுக்கு அரிசி அளவு பேஸ்ட் போதும், விழுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: எங்கள் வீட்டில் ஆர்.ஓ. இருக்கிறது. சோதிக்க வேண்டுமா?

ப: உள்ளே போகும் தண்ணீர், வெளியே வரும் தண்ணீர் இரண்டையும் சோதியுங்கள். இரண்டும் ஒரே நிறம் காட்டினால் மெம்பிரேனைப் பார்க்கச் சொல்லுங்கள். கழிவாக வெளியேறும் தண்ணீரில் உப்பும் ஃபுளோரைடும் கூடுதலாக இருக்கும். அது தரை துடைக்க, பாத்ரூம் கழுவ மட்டும்.

கே: போரை மூடிவிடலாமா?

ப: எதற்கு? குளிக்க, துவைக்க, செடிக்கு எல்லாம் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஃபுளோரைடு தோல் வழியாகப் போவதைப் பற்றிக் கவலை வேண்டாம். மழைநீர்த் தொட்டியைத் தூர்வாரி மழையை உள்ளே விடுங்கள். நாளடைவில் தண்ணீரின் தரம் மாற வாய்ப்பு உண்டு.

கே: கீழ்த்தளக் குழாய்க்குச் செலவு யார் தலையில்?

ப: எங்கள் பிளம்பர் கணக்குப் போட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு வீடு வகுத்தால், அந்த ஞாயிற்றுக்கிழமை என் படத்தைப் பார்த்துப் பயந்து ஒவ்வொரு வீட்டிலும் வாங்கின கேன் தண்ணீர்ச் செலவைவிடக் குறைவு. அந்தக் கடனுக்காகவாவது முதல் பங்கு என்னுடையது.